தலைப்பங்கு

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு பதினேழாம் நாள், வியாழக்கிழமை மாலை ஏழரை மணிக்கு, சாத்தான்குளத்துக்குக் கிழக்கேயுள்ள தேரிக்காட்டில், ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கொன்று தின்னப்பட்ட காட்டுப்பன்றி ஒன்று, தன்னைச் சுட்ட மந்திரமூர்த்தியின் வலத் தொடையைக் கிழித்துத் தின்றது. காட்டுயிர்களைக் காண ஊர்க் கமிட்டி நடத்திய இரவு நடையில் அவரே வழிகாட்டி. அவர் மனைவி பகவதி, அந்தப் பழைய வேட்டையில் போலவே, விளக்கடித்து வந்தார். முயலும் மரநாயும் பார்க்கக் கட்டணம் கட்டி வந்தவர்கள் கொல்லா எனும் முந்திரி மரங்களுக்கிடையே நின்று இதைப் பார்த்தனர். பன்றியின் கழுத்தில் குண்டு துளைத்த வழி திறந்தே இருந்தது. விளக்கொளி அதனூடே புகுந்து, பின்னாலிருந்த செம்மணலில் காசளவு வட்டமாக விழுந்தது.

அப்பகுதி வேட்டையில் பங்கு மாறுவதில்லை: சுட்டவருக்குத் தொடை, விளக்கடித்தவருக்குத் தலை. அவரவர் தின்ற பங்கை அவரவரிடமே திரும்பப் பெறப் பன்றி வந்திருக்கிறது என்பது, எலும்பு தெரிய மணலில் கிடந்த மந்திரமூர்த்திக்கு விளங்கிற்று.

"ஏளா, லைட்ட அமத்து. அடுத்தது தலை."

பகவதி அணைத்தார். பன்றி சற்று நேரம் மூச்சுவிட்டு நின்று, போயிற்று.

அதன்பின் பகவதி எந்த விளக்கைப் போட்டாலும் அது வந்தது. செப்டம்பரில் அவர் அடுக்களை விளக்கைப் போட்டதும் பின்கதவை உடைத்துப் புகுந்து, நாயை இரண்டாகக் கிழித்தெறிந்து, அவருடைய இடக்காதைக் கடித்துக்கொண்டு சென்றது. அன்றிரவு மறுபடி வரவில்லை. மறுநாள் மீதித் தலைக்கு வந்தது; பகவதி விளக்கை அணைத்ததும் போயிற்று. அதைச் சுடப்போன இருவரின் குண்டுகளும் பழைய துளை வழியே வெளியேறின. சுட்டவர்கள் என்பதால் இருவரும் தொடை இழந்தனர். ஒருவர் மருத்துவமனைக்குப் போகும் வழியில் இறந்தார். பகவதி மாதக்கணக்கில் இருட்டில் சமைத்தார்.

கமிட்டி கூடியது. தலைவர் சங்கரபாண்டியன் பகவதியிடம், "நீ தூத்துக்குடில போய் இரி. பன்னிக்கு பஸ் ஏறத் தெரியாதுல்லா," என்றார்.

"அண்ணாச்சி, தலைக்கறிய நான் ஒத்தையிலயா தின்னேன்? ஒங்க வீட்டுக்கு ரெண்டு சட்டி வந்துச்சுல்லா. மதினி சட்டியக்கூடத் திருப்பித் தரல."

சங்கரபாண்டியன் தம் தலையைத் தடவிக்கொண்டார். பிறகு, ஊன்றுகோலோடு நின்ற மந்திரமூர்த்தியிடம் கேட்டார்.

"ஏலே, ரெண்டு பேரு லைட் அடிச்சா தலை யாருக்கு?"

"பாதிப் பாதி."

"அம்பது பேரு அடிச்சா?"

"ஆளுக்கு ஒரு கிள்ளு."

இறுதியில் முடிவானது இது. இரவு நடை நாள்தோறும் தொடரும். துப்பாக்கி கூடாது. பன்றி தென்பட்டதும், பகவதியோடு வந்தவர் அனைவரும் ஒரே நேரத்தில் அதன்மேல் விளக்கடிக்க வேண்டும். ஐம்பது பேருக்குக் குறைந்தால் ஊரார் சேர்ந்து நிரப்ப வேண்டும். ஒவ்வொருவர் நெற்றியிலிருந்தும் நகமளவு தோல் போகுமாதலால், பஞ்சும் டிஞ்சரும் நுழைவிடத்தில் வைக்கப்படும். பங்கு பெற்ற இரவில் பன்றி மறுபடி வருவதில்லை என்பதால், நடை முடிந்து வீடு திரும்பியபின் பகவதி விளக்கைப் போட்டுக்கொள்ளலாம்.