மாலிக்குப் போன ஒட்டகம்

தெக்பர் மவுரித்தானியாவில் நின்று திட்டினால் மாலியில் இருப்பவன் காதைப் பொத்திக்கொள்வான் என்பது அந்தப் பக்கத்துப் பேச்சு. எல்லை அவள் கூடாரத்திலிருந்து அரைநாள் நடைதான். வரைபடத்தில் யாரோ அளவுகோல் வைத்து இழுத்த நேர்கோடு அது. மணலில் அப்படியொன்றும் கிடையாது. வடக்கே அல்ஜீரியா, தெற்கே செனகல் ஆறு, மேற்கே கடல் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பதெல்லாம் மனிதர்களுக்கு. ஒட்டகத்துக்குத் திசை இரண்டே: மழை பெய்த பக்கம், பெய்யாத பக்கம்.

அந்த வருஷம் மாலிப் பக்கம்தான் மின்னியது. ஸெர்கா மோப்பம் பிடித்துக்கொண்டு போயேவிட்டது. சினை ஒட்டகம், கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த சீர். அது ஈன்றால்தான் வீட்டில் பிள்ளைகளுக்குப் பால். தெக்பரின் கணவன் யஹ்தீஹ் தேடிப் போனான். எல்லையில் துப்பாக்கிச் சத்தம் கேட்ட சமயம். சிப்பாய்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"அதோட கன்னத்துல உங்க அப்பா போட்ட அடையாளச் சூடு இருக்கு. பாக்கிறவங்க தண்ணி காட்டுவாங்க. வழக்கம்னு ஒண்ணு இருக்கில்ல?" என்றான் யஹ்தீஹ், தேநீரை ஆற்றியபடி.

"வழக்கமாம் வழக்கம்! அவங்களே பசியில கிடக்கிறாங்க. இந்நேரம் அறுத்துத் தின்னு ஏப்பம் விட்டிருப்பாங்க. நீ நல்லா டீ ஆத்து!"

பயத்தில்தான் கத்தினாள். முந்தின கோடையில் மாலியிலிருந்து ஒரு கூட்டம் ஆடுகளோடு அவள் கிணற்றுக்கு வந்திருந்தது. வெளியாள் மந்தைக்கே முதல் தண்ணீர் என்பது வழக்கம். தெக்பர் கொடுத்தாள். பொழுது சாயும்வரை இறைத்துக் கொடுத்தாள். பொழுது சாயும்வரை அவர்களைத் திட்டவும் திட்டினாள். அவர்களில் யாராவது ஸெர்காவைப் பார்த்தால் அந்த வசவுக்குப் பழி தீர்த்துக்கொள்வார்களே என்ற நினைப்பு அவளை அரித்தது.

குளிர்காலமும் போயிற்று. பிள்ளைகள் பால் பவுடரைக் கரைத்துக் குடித்தார்கள்.

வெயில் ஏறத் தொடங்கிய ஒரு நாள் கிழக்கே புழுதி தெரிந்தது. முன்னால் ஒருவன், பின்னால் ஸெர்கா, அதன் பின்னால் நெட்டைக் காலும் திருட்டு முழியுமாக ஒரு கன்று.

"என் பேர் ஹமத்து. எல்லை திறக்கட்டும்னு காத்திருந்தோம், அக்கா."

தெக்பர் ஸெர்காவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "எங்க ஒட்டகம்னு எப்படித் தெரிஞ்சுது?"

"போன கோடையில உங்க கிணத்துல கயிறு இழுத்த ஆண் ஒட்டகத்துக்கும் இதே சூடுதானே? என் பொண்டாட்டி பாத்ததுமே சொல்லிட்டா: 'இது அந்தத் திட்டுற அக்காவோடது. அன்னைக்கு அவங்க இறைக்கலேன்னா நமக்கு ஆடே மிஞ்சியிருக்காது. பத்திரமா கொண்டுபோய் விட்டுட்டு வா'ன்னு." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "கொஞ்சம் பால் கறந்துக்கிட்டோம். வீட்டுல கைக்குழந்தை. மன்னிக்கணும்."

தெக்பர் கன்றிடம் போனாள். அதன் கன்னத்திலும் அவள் அப்பாவின் சூடு இருந்தது, கொஞ்சம் கோணலாக.

"இது யார் போட்டது?"

"நான்தான். சூடு போடற வயசு இல்லதான். வழியில எவனாவது கன்னுக்குட்டிய மட்டும் பிரிச்சு ஓட்டிட்டான்னா, உங்களோடதுன்னு எப்படிச் சொல்வீங்க? தாயோட கன்னத்தைப் பாத்துப் பாத்துப் போட்டேன். கை கோணிடுச்சு."

அவன் தன் சொந்தச் சூட்டைப் போட்டிருந்தால் அந்தத் தேசத்தில் கேட்பார் யார்? தெக்பர் அந்தக் கோணலைத் தடவினாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. யஹ்தீஹ் ஏதோ சொல்ல வாயெடுத்தான்; நல்லவேளை, சொல்லவில்லை.

"உச்சி வெயில்ல வந்து நிக்கிறியே, அறிவிருக்கா உனக்கு?" அழுகையோடே கத்தினாள். "செருப்பைப் பாரு, தேஞ்சு ஓட்டையா கிடக்கு! நிழலுக்கு வா, தம்பி. வான்னா வா!"

ஹமத்து யஹ்தீஹைப் பார்த்துச் சிரித்தான். "இதே குரல்தான். சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கேன்."

ஸெர்காவைக் கறந்த முதல் கிண்ணத்துக்குப் பிள்ளைகள் கை நீட்டினார்கள். தெக்பர் அதை அவனிடம் கொடுத்தாள். வெளியாளுக்குத்தானே முதலில்.