விரலால் போட்ட வளையல்

கன்னத்தில் கை ஊன்றிச் சிரித்துக்கொண்டிருக்கிறேன், கறுப்பு வெள்ளையில், தலைக்கு மேலே கண்ணீர் அஞ்சலி என்று கொட்டை எழுத்து, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே தோற்றம், மறைவு, விரல்கள் இரண்டை வைத்து என்னை நானே பெரிதாக்குகிறேன், பெரிதாக்கப் பெரிதாக்க முகம் புள்ளி புள்ளியாக உதிர்கிறது, மணிக்கட்டில் கிடக்கும் வளையல்கள் மட்டும் உதிரவில்லை, கோணல்மாணலாக, தடித்தடியாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, சின்னப்பிள்ளை சுவரில் கிறுக்கிய மாதிரி. ஊரில் பஸ் ஸ்டாப் சுவரில் ஒட்டியிருந்ததைப் படம் எடுத்து இசக்கி அனுப்பியிருக்கிறாள், பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், ஏட்டி நீ உசுரோடதான இருக்க என்று ஒரு வரி, அது என்ன மாடல் வளையல்ட்டி என்று அடுத்த வரி. உயிரோடுதான் இருக்கிறேன், திருப்பூரில், பனியன் கம்பெனிக்குப் பின்னால் ஒற்றை அறை வீட்டில், வயிற்றில் ஏழு மாதம், மறைவு என்று போட்டிருக்கிற தேதியில் ஸ்கேன் எடுக்கப் போயிருந்தேன், பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேளுங்கள் என்று டாக்டரம்மா சத்தத்தைக் கூட்டி வைத்தாள், குதிரை ஓடுகிற மாதிரி கேட்டது, அந்த நேரத்தில் ஊரில் எனக்குப் போஸ்டர் ஒட்டப் பசை காய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

என் படம் ஒன்றுகூட அந்த வீட்டில் கிடையாது, அதுதான் முதலில் மனதில் உறைத்தது, முனீசோடு நான் கிளம்பிப்போன அன்றைக்கே அப்பா எல்லாவற்றையும் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார், காதுகுத்து ஆல்பம், பள்ளிக்கூட குரூப் போட்டோ எல்லாம், சித்தி மகள் கல்யாணப் படத்தை எரிக்க மனசு வராமல் என் தலையை மட்டும் பிளேடால் அறுத்து எடுத்தாராம், அப்பாவுக்குச் சிக்கனம் எப்போதும் உண்டு. முனீசின் தெருவுக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான், முழங்கால் தண்ணீர்கூடக் கிடையாது, அதைத் தாண்டுவதற்கு அமெரிக்கா போய்விடலாம், அது லேசு. நாங்கள் தாண்டினோம், திருப்பூர் வந்தோம், ஒரு வருஷம் ஊரிலிருந்து ஒரு சத்தமும் இல்லை, பிறகு ஒரு மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து வீடியோ அழைப்பு வருகிறது, எடுத்தால் ஒரு மூக்கு, மூக்குத்தி, அம்மாவின் மூக்குத்தி, ஏட்டி தெரியுதா, நான் தெரியுதனா, என்று மூக்கு பேசுகிறது.

தம்பி சுடலைமணிக்குப் பரீட்சை கோச்சிங்குக்காக வாங்கிய தொடுதிரை டேப், அவன் பரீட்சையையும் விட்டான் டேப்பையும் விட்டான், மூலையில் கண்ணாடி கீறிப் பரணில் கிடந்ததை அம்மா எடுத்து, சமையல் வீடியோ பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துக்கொண்டாள், அப்பா உரக்கடையில் இருக்கும் நேரம், தம்பி எங்கேயாவது ஊர் சுற்றும் நேரம், அரிசி டிரம்முக்கு மேல் அதைச் சாய்த்து வைத்து என்னைக் கூப்பிடுகிறாள், தினமும் கூப்பிடுகிறாள், நான் கம்பெனியில் சாப்பாட்டு இடைவேளையில் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து பேசுவேன், அவள் என்னைச் சாப்பிடச் சொல்லிப் பார்த்துக்கொண்டேயிருப்பாள், நீ கட்டானதும் கண்ணாடியில எம்மூஞ்சிதான் தெரியுதுட்டி, ஒன்னய எப்பிடிப் பிடிச்சு வைக்கது என்று ஒருநாள் கேட்டாள், நான்தான் சொல்லிக்கொடுத்தேன், ஸ்கிரீன்ஷாட் எடும்மா, ஓரத்துப் பொத்தானையும் சத்தம் குறைக்கிற பொத்தானையும் சேர்த்து அமுக்கு, சேர்த்து, ஒரே நேரத்தில், ஆனால் அம்மா வாழ்நாளில் எதையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் செய்தவள் இல்லை, ஒரு கை எப்போதும் சேலையைப் பிடித்திருக்கும், ஒரு பொத்தானை அமுக்கினால் என் குரல் போகும், மற்றதை அமுக்கினால் நானே போவேன், பல மத்தியானம் இப்படி அணைந்து அணைந்து எரிந்தேன், கடைசியில் டிக் என்று ஒரு சத்தம், பிடிச்சிட்டேன்ட்டி, என்று அவள் கத்தியது ஈ பிடித்த மாதிரி இருந்தது.

அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை, நான் கொட்டாவி விட்டால் டிக், சோறு வாயில் இருக்கும்போது டிக், எடுத்த படத்தை வெட்டக் கற்றுக்கொண்டாள், மேலே தெரியும் மணியும் சார்ஜும் வேண்டாம் என்று மூலையைப் பிடித்து இழுத்து வெட்டுவாள், பென்சில் படத்தைத் தொட்டால் எழுதலாம் என்று கண்டுபிடித்ததும் எனக்குப் பொட்டு வைத்தாள், சிறு பொட்டு வைக்க நினைத்து ரூபாய் அகலத்துக்கு வைத்தாள், பூ வைத்தாள், மாரியாத்தா மாதிரி இருக்கேனம்மா என்றேன், இருந்துட்டுப் போ, அவளும் பிள்ளைக்காரிதான் என்றாள். ஏழாம் மாதம் பிறந்த அன்று, வளைகாப்புக்கு ஆள் இல்லை என்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவளே, கையைக் கன்னத்துல வச்சுச் சிரி என்றாள், டிக், பேசாம இரு கட் பண்ணாத என்றாள், நாக்கைத் துருத்திக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கிப் போட்டுக்கொண்டு, டேப்பின்மேல் விரலை வைத்து அம்மா எனக்கு வளையல் போடுகிறாள், சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது, மணிக்கட்டில் நிஜமாகவே என்னவோ ஊர்வது போலிருந்தது. அனுப்பிய படத்தைப் பார்த்து முனீஸ் சிரித்தான், என் தோளுக்குப் பின்னால் சாப்பிட உட்கார்ந்திருந்த அவனுடைய பாதி முகமும் தோளும் அதில் விழுந்திருந்தன, எனக்கும் போட்டுவிடச் சொல்லு ஒங்கம்மாவை என்றான், நான் சிரிக்கவில்லை, அழுதுகொண்டிருந்தேன், ஏனென்றால் அன்றைக்கு அம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தாள், பிரசவத்துக்கு வந்துருவேன்ட்டி, அப்பா என்ன சொன்னாலும் சரி, பஸ் ஏறிருவேன், நீ தனியா கெடந்து பெறமாட்ட. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நான் படுத்தேன், எழுந்தேன், கம்பெனியில் பொத்தான் துளைக்குக் காஜா அடித்தேன்.

பிறகு ஒரு மத்தியானம் கேட்டாள், ஏட்டி, படத்துல ஓரத்துல ஒண்ணு இருக்கு, வெட்டுனா ஒன் முடியும் சேந்து போவுது, அதை மட்டும் எப்பிடி அழிக்கது. எதை என்று கேட்டேன். அதான், அந்தப் பையன் தோளு, என்றாள். முனீசை அவள் பெயர் சொன்னதும் இல்லை, மாப்பிள்ளை என்றதும் இல்லை, போகட்டும், பையன் என்றாளே, அதுவே பெரிது என்று நினைத்தேன், யாரிடமோ படத்தைக் காட்டப்போகிறாள், அப்பாவிடமாகத்தான் இருக்கும், மகளை மட்டும் முதலில் காட்டி மெல்ல மெல்ல வழிக்குக் கொண்டுவருவாள், அவள் கெட்டிக்காரி, என்று எனக்குள் ஒரே குதியாட்டம், எடிட்டைத் தொடும்மா, அழிக்கிற ரப்பர் மாதிரி ஒன்று இருக்கும், அதைத் தொட்டுவிட்டு வேண்டாத இடத்தில் விரலால் தேய், மெதுவாக, என் முடியில் படாமல், என்று வரி வரியாகச் சொன்னேன், அவள் தேய்த்தாள், கொஞ்சம் போச்சு, இன்னும் கொஞ்சம் இருக்கு, காது தெரியுது, என்றாள், இன்னும் தேய்ம்மா என்றேன், போயிட்டுட்டி, சுத்தமாப் போயிட்டு, என்று பெருமூச்சு விட்டாள், நன்றாக வந்திருக்கிறதா என்று கேட்டேன், நீ அழகால்லா இருக்க என்றாள். சுவரில் ஒட்டியிருப்பது அந்தப் படம்தான். தோள் இருந்த இடத்தில் புகை மாதிரி ஒரு திட்டு, உற்றுப் பார்த்தால் தெரியும்.

கூப்பிட்டேன், முதல்முறையாக நானே கூப்பிட்டேன், அப்பா இருந்தால் இருக்கட்டும் என்று, அம்மா எடுத்தாள், தலை விரித்துப் போட்டிருந்தாள், நெற்றியில் பொட்டில்லை, பாத்துட்டியா என்றாள். அப்பா எடுத்துட்டாரா டேப்பை, அடிச்சாரா உன்னை, பிடுங்கிட்டாங்களா, என்று நான் கேட்டுக்கொண்டே போகிறேன், அப்படியெல்லாம் நடந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாகவே இருந்தது, அவள் இல்லை என்று தலையை ஆட்டுகிறாள், நான்தான் குடுத்தேன். ஒந்தம்பிக்குப் பொண்ணு அமைஞ்சிருக்கு, அவங்க வீட்டுல சொல்லிட்டாவ, மூத்தவ இருக்கான்னா நாங்க வரல, இல்லைன்னு ஊரறியச் சொன்னாதான் தாம்பூலம் மாத்துவோம்னு, ஒங்கப்பா சரின்னுட்டாவ, படத்துக்கு எங்க போவ, ஆதார் கார்டுல இருக்கதைப் போட்டுருவோம்னாவ, அதுல நீ களவாணி மாதிரில்லா இருப்ப, ஊரே பாக்கும், எம்புள்ள அப்பிடியா இருப்பா, அதான் நல்லதா ஒண்ணு எடுத்து நானே சரிபண்ணிக் குடுத்தேன். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, அப்பா கொளுத்தினார், அது அவர் குணம், இவள் எனக்குப் பொட்டு வைத்துப் பூ வைத்து அலங்காரம் பண்ணிப் பாடையில் ஏற்றியிருக்கிறாள். தலைக்கு ஏன் எண்ணெய் வைக்கலை என்று கேட்டேன், வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. தீட்டுல்லா, என்றாள், பதினாறு நாளும் விளக்கேத்தக் கூடாது, கறி மீன் கிடையாது, நீ சாப்ட்டியா.

செத்தவளுக்கு இவ்வளவு பசி ஆகாது, எனக்குப் பசித்தது, இரண்டு பேருக்கும் சேர்த்துத் தின்றேன், கம்பெனிக்குப் போனேன், முனீசிடம் போஸ்டரைக் காட்டினேன், அவன் வெகுநேரம் பார்த்துவிட்டு, என்னை நல்லாத்தான் அழிச்சிருக்காங்க என்றான், நம்பர் பிளாக் பண்ணு என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று பார்த்தேன், சொல்லவில்லை, பிரசவத்துக்கு அவள் வருவாள் என்று நான் இன்னும் நம்பிக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியும். மத்தியானத் தூக்கத்தில் ஊருக்குப் போகிறேன், கடைத்தெருவில் நடக்கிறேன், நல்ல பிள்ளை, எதிர்த்துப் பேசாது, என்று என் காதுபடவே பேசிக்கொள்கிறார்கள், உயிரோடு இருந்தபோது ஒருத்தரும் சொல்லாதது, எங்கள் வீட்டு வாசலில் சாமியானா, உள்ளே போனால் தம்பி கல்யாண மாப்பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறான், எனக்கும் ஒரு இலை போட்டிருக்கிறது, உட்காரப் போகிறேன், அம்மா ஓடிவந்து, நீ மாடியில சாப்பிடணும்ட்டி, என்கிறாள், விழித்துக்கொள்கிறேன், வயிற்றில் பிள்ளை உதைக்கிறது, அதுவும் இலைக்காகக் காத்திருந்த மாதிரி. தீட்டுக் கழியட்டும், காரியம் முடியட்டும், தம்பி கல்யாணமும் முடியட்டும், அதற்கப்புறம் அவள் பஸ் ஏறட்டும், செத்தால்தான் அம்மா வருவாள் என்றால் செத்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன், வெட்கம் கெட்ட நினைப்புதான்.

பதினாறாம் நாள் கருமாதி, மறுநாள் மத்தியானம் அம்மா கூப்பிட்டாள், குளித்துத் தலை முடிந்திருந்தாள், பொட்டு வைத்திருந்தாள், பின்னால் அரிசி டிரம், நான் மாடிப்படிக்குக் கீழே, எல்லாம் எப்போதும் போல. நல்லா நடந்துச்சு, என்று என் காரியத்தைப் பற்றி என்னிடமே சொல்கிறாள், ஒந்தம்பிதான் எல்லாம் செஞ்சான், மொட்டை மட்டும் போடலை, மாப்பிள்ளை இல்லியா, மொட்டை மாடியில எலை போட்டுப் படையல் வச்சோம், ஒனக்குப் பிடிச்ச அவரைக்காய்ப் பொரியல், வடை, எல்லாரும் சுத்தி நின்னு காக்காவைக் கூப்பிடுதோம், காக்கா எலைக்கு வரவே மாட்டேங்குட்டி. எப்படி வரும், நான் இங்கே உட்கார்ந்து தயிர்சாதம் தின்றுகொண்டிருக்கிறேன், என்றேன். அதை அவள் காதில் வாங்கவில்லை, மதில்ல வந்து உக்காருது, எலையைப் பாக்குது, தொட மாட்டேங்கு, ஒங்கப்பாவுக்கு வேர்த்துட்டு, பொண்ணு வீட்டுக்காரவிய வேற நிக்காவ, ஆத்துமாவுக்கு என்னமோ கொறை இருக்குன்னு ஆரோ சொன்னாவ, கொறை என்னன்னு கேட்டு வாக்குக் குடுத்தாத்தான் எடுக்கும், ஒங்கப்பா சத்தமாச் சொன்னாவ, ஒந்தம்பியை நல்லாப் பாத்துக்கிடுதேன்னு, எடுக்கலை, வருஷா வருஷம் அன்னதானம் போடுதேன்னு ஒந்தம்பி சொன்னான், எடுக்கலை. அம்மா சேலை முந்தானையால் டேப்பைத் துடைத்தாள், என் முகத்தின்மேல் ஒரு துணி போய்வந்தது, பொறவு நான் சொன்னேன்ட்டி, மனசுக்குள்ளதான் சொன்னேன், இனிமே அவளை டேப்புல கூப்பிட மாட்டேன், அவ பிரசவத்துக்குப் போவ மாட்டேன்னு, சொல்லி முடிக்கல, எறங்கி வந்து ஒரு வாய் எடுத்துட்டு.

சோறு வைத்தால் காக்காய் எடுக்கும் அம்மா, பசித்தால் எடுக்கும், என்று கத்தினேன், படிக்கட்டில் இறங்கியவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும், அப்பாவை எதிர்த்து பஸ் ஏறுவேன் என்றவள்தானே நீ, தெருவை எதிர்த்து, ஊரை எதிர்த்து, ஒரு காக்காயை எதிர்க்க முடியாதா. அவள் அழுதாள், அழுதுகொண்டே தலையை ஆட்டினாள், மனுசர் சொன்னா மீறலாம், இது அப்பிடி இல்லட்டி, மீறினா ஒந்தம்பிக்கு ஆகாது, வயித்துப் பிள்ளைக்கும் ஆகாது, அதுக்காகத்தான் நானும், என்று இழுத்தாள், இன்னைக்கு ஒரு நாள் சொல்லிட்டுப் போயிருதேன்னு அதுகிட்டயே கேட்டுட்டுத்தான் கூப்பிட்டேன். காக்காயிடம் அனுமதி வாங்கி வந்திருக்கிறாள், சிரிப்பு வந்தது, அடக்கினேன். கொஞ்சம் சிரிட்டி, என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கடைசியா ஒண்ணு எடுத்துக்கிடுதேன், ஒளிச்சு வச்சுப் பாத்துக்கிடுவேன், இதை ஆருக்கும் குடுக்க மாட்டேன். நான் கட்டைவிரலைத் தூக்கி கேமராவின் மேல் வைத்தேன், அழுத்தி வைத்தேன், திரையின் மூலையில் என் சின்னக் கட்டம் இருண்டுபோனது, எங்கட்டி போன, இருட்டா இருக்கே, கரண்டு போயிட்டா, என்று அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டே வருகிறாள், மூக்கு, மூக்குத்தி, அவளுக்கு வலிக்க வேண்டும், அவ்வளவுதான், வேறொன்றும் வேண்டாம், ஏட்டி, அப்பா வண்டிச் சத்தம் கேக்கு, சீக்கிரம், என்கிறாள், விரலை எடுக்கவில்லை, டிக் என்று கேட்டது, இருட்டைப் பிடித்து வைத்துக்கொண்டாள். விரலை எடுத்தேன், சிரிக்கக்கூடச் செய்தேன், பல் தெரிய, அவளுக்குப் பிடித்த மாதிரி. அதற்குள் அந்தப் பக்கம் அம்மா அழைப்பைத் துண்டித்துவிட்டிருந்தாள்.