பழைய எண்ணுக்கு ஒரு செய்தி

…கண்ணை மூடித் திறக்கச் சொன்னது, திறந்தாயிற்று, இடப்பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பியாயிற்று, இன்னும் என்னதான் வேண்டுமாம் இதற்கு, முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு மாற்றுகிற வேலைக்கு இத்தனை சோதனையா… செல்போனில் முகத்தைக் காட்டி ஆள் இன்னாரென்று உறுதியானால்தான் நாளைக்கு உள்ளே விடுவார்களாம். அவள் ஜன்னல் பக்கம் நகர்ந்து வெளிச்சத்தில், திரையிலிருந்த பச்சை வட்டத்துக்குள் முகத்தைப் பிடித்தாள். கட்டிலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்த சலூன்காரி, வீட்டை விட்டு ஓடி வந்தவளுக்குத் தன் அறையில் பாதியைக் கொடுத்து முடியையும் ஒட்ட வெட்டிவிட்டவள், "பயப்படாதீங்கக்கா, உங்க வீட்டுக்காரரே எதிர்ல வந்தாலும் யாரோன்னு போயிடுவாரு" என்றாள். போவானா அவன்? காலடிச் சத்தத்தை வைத்தே அவள் எந்த அறையில் நிற்கிறாள் என்று சொல்கிறவன்… ஊரை மாற்றி, நம்பரை மாற்றி, பேருக்குப் பின்னால் அப்பா பேரைப் போட்டு, எதை விட்டோம், ஒன்றையும் விடவில்லையே.

'உங்களை எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மீண்டும் வருக' என்றது திரை. எப்படித் தெரியும்? அந்தப் பச்சை வட்டம்… ஐயோ, வாடகை வீடு பிடித்தபோது ஒப்பந்தத்துக்கு முகம் பதியணுமென்று அவன் தன் போனை இவள் முகத்துக்கு நேரே நீட்டி "கொஞ்சம் சிரிச்சாத்தான் என்ன" என்றானே, அன்றைக்கும் இதே பாழாய்ப்போன வட்டம்தானே, கொடுத்ததும் அவன் நம்பர்தானே. 'இல்லத்தின் பெயரும் ஊரும் குறிப்பிட்டு உங்கள் பழைய எண்ணுக்குச் செய்தி அனுப்பியுள்ளோம். நீங்கள்தான் என்றால் அங்கே ஆம் என்று அழுத்தவும்.' எங்கே நிறுத்துவது இதை, பின்னால் போகிற அம்புக்குறியை அழுத்தினாள், அழுத்தினாள், வட்டம் பாட்டுக்குச் சுற்றியது. அவன் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற நேரம், தூங்கட்டும் கடவுளே, போன் சட்டைப் பையிலேயே கிடக்கட்டும்… பார்த்தாலும் ஆத்திரத்தில் 'இல்லை' என்றுதான் அழுத்துவான், வேலை போகும், போனால் போகட்டும், ராத்திரியே வேறு ஊருக்கு பஸ் ஏறிவிடலாம்.

திரையில் பச்சை டிக் விழுந்தது. 'உறுதியானது. நாளை காலைப் பணிக்கு வரலாம்.'

"கெடச்சிருச்சா? பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்று சலூன்காரி எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். 'ஆம்' என்று அழுத்தியிருக்கிறான்… திட்டவில்லை, தடுக்கவில்லை, வாசல்படி தாண்டி வேலைக்குப் போகக் கூடாதென்று கதவைப் பூட்டியவன் இன்றைக்கு அவளை வேலைக்கு அனுப்புகிறான், நாளைக் காலையில் அவள் எங்கே இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.