மினுக்கி

கோடைகால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவைத்த ஞாயிறு அது. மெல்பேர்னிலிருந்து செல்வநாயகிக்கு ஓர் அழைப்பு வந்தது. முன்பின் தெரியாத ஓர் அம்மா. இங்கே ஹென்டர்சனில் இருக்கும் கௌரியைத் தன் மகனுக்குப் பார்க்கிறாராம். செல்வநாயகியிடம் விசாரித்தால் உள்ளதைச் சொல்லுவாள் என்று யாரோ நம்பர் கொடுத்திருந்தார்கள்.

படிப்பு, வேலை, குடும்பம் எல்லாம் கேட்டுவிட்டு அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளையை மினுக்கி எண்டு கதைக்கினமாம். ஓமோ?"

செல்வநாயகி எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினாள். அந்தப் பெயரை வைத்ததே அவள்தான்.

போன வருடம் த்ரீ கிங்ஸில் ஒரு பிறந்தநாள் விழா. கையில்லாத ரவிக்கையும் வெள்ளிநிறக் குதிச்செருப்புமாக வந்த கௌரி மேசை மேசையாகப் போய்ப் படம் எடுத்துக்கொண்டாள். "வந்திட்டாள் மினுக்கி," என்றாள் செல்வநாயகி. மேசையே சிரித்தது. இன்னொருமுறை சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். அதன்பிறகு ஒரு பார்ட்டி விடாமல் போய்ப் படம் போடுகிற பெண்கள் எல்லாரும் மினுக்கி ஆனார்கள். தமிழ் வராத பையன்கள்கூட ஆங்கிலத்துக்கு நடுவே அதைச் செருகினார்கள். ஆனாலும் மினுக்கி என்றால் முதலில் கௌரிதான்.

பகிடிக்கு நான் சொன்னது, பிள்ளையில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால், பெயர் வைத்தவள் யார் என்பது மெல்பேர்ன் வரைக்கும் தெரிந்துவிடும்.

"எங்களுக்கு அவையோட அவ்வளவு பழக்கமில்லை," என்றாள்.

கல்யாணம் விசாரிக்கிற இடத்தில் அந்தப் பதிலுக்கு என்ன பொருள் என்று இரண்டு பேருக்குமே தெரியும். அந்த அம்மா நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டார். கௌரியின் தாயும் செல்வநாயகியும் வாடகை வீட்டுக் காலத்தில் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள்.

சம்பந்தம் தட்டிப்போனது.

பிறகொரு நாள் நியூ லின் ஸ்டேஷனில் மழைக்கு ஒதுங்கி நின்ற செல்வநாயகியைக் கண்டு கௌரி காரை நிறுத்தினாள். மறுக்க ஒரு காரணமும் வாயில் வரவில்லை. ஏறினாள். கௌரி ஹீட்டரை இவள் பக்கம் திருப்பிவிட்டாள். அவளுடைய முகத்தில் பூச்சு இல்லை.

எப்போதும் ஆங்கிலத்தில் கதைக்கிறவள், சிவப்பு விளக்கில் நின்றபோது, ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தமிழில் கேட்டாள்.

"ஆன்ரி, எல்லாரும் கூப்பிட நானும் சிரிச்சனான். மினுக்கி எண்டால் கூடாத சொல்லோ? அம்மாட்டக் கேட்டால் அழுறா."