பிரெஞ்சில் குறைந்த விலை

1

இந்தக் கதை எனக்கு ஒரு காரின் பின் இருக்கையில் கிடைத்தது. கொழும்பிலிருந்து வரும் தன் மைத்துனியை ஏற்றி வருவதற்காகச் சவிரிமுத்து என்னை மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். (இந்த வருடம், 2004இல், நிலையத்தின் பெயரை மாற்றிவிட்டார்கள். அங்கே பெட்டி ஏற்றி இறக்கும் சவிரிமுத்துவுக்கு அது இன்னமும் டோர்வல்தான்.) முன் இருக்கையில் அவன் மனைவி செலீன். கார் புதிது, உள்ளே புது வாசம் போகவில்லை. எந்தத் தமிழனும் கேட்கும் கேள்வியை நானும் கேட்டேன்.

"நல்ல கார். என்ன விலைக்கு எடுத்தனீர்?"

சவிரிமுத்து வீதியைப் பார்த்து ஓட்டினான்.

"நல்ல விலைதான் அண்ணை," என்றாள் செலீன். "அதுக்குத்தான் இவர் என்னோட இன்னும் கோவம்."

கார் மலிவாகக் கிடைத்ததற்காக மனைவியோடு கோபித்துக்கொண்டவனை நான் அதுவரை சந்தித்ததில்லை. மைத்துனியின் விமானம் தாமதமாகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். தாமதமானது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வெண்பனி மூடிய செயின்ட்-மிஷேல் தெருவில் ஒரு பழைய கார் தன் கடைசி மூச்சை—"

விட்டுவிட்டேன். புலம்பெயர்ந்தவன் எழுதும் கதையின் முதல் வரியில் பனி பெய்யாவிட்டால் யாரும் வழக்குப் போடமாட்டார்கள்.

பிறகு: "கார் என்பது வெறும் வாகனமல்ல, அது ஒரு—"

இதை எழுதிய கையை நானே தட்டினேன்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். மாசி மாதத்தில் சவிரிமுத்துவின் பழைய கார் நெடுஞ்சாலையில் நின்றுபோனது. அவனுக்கு விடியுமுன் தொடங்கும் வேலை. பஸ்ஸை நம்பி அந்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஏற்கெனவே இரண்டு தடவை பிந்திப் போனவன். இன்னொரு தடவை பிந்தினால் வரவேண்டாம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். இனிப் பழைய கார் வேண்டாம், புதிதே எடுப்பது என்று முடிவாயிற்று.

யாரிடம் எடுப்பது என்பதில் அவனுக்கு யோசனையே இல்லை. இரவிச்சந்திரன் முந்தைய இலையுதிர்காலத்தில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தான்.

இரவிச்சந்திரன் திருகோணமலைக்காரன். இருவரும் மொன்றியலுக்கு வந்த புதிதில் வில்லரேயில் ஒரு நிலக்கீழ் அறையில் ஒன்றாக இருந்தவர்கள். அந்தக் குளிரில் சவிரிமுத்து நுரையீரலில் சளி கட்டிப் படுத்தபோது, இரவிச்சந்திரன் வேலைக்குப் போகாமல் பக்கத்தில் இருந்து பார்த்தான். அதனால் அந்த வேலையும் போனது. பிறகு சவிரிமுத்துவின் மகள் றொஷினிக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது, கோயிலின் முன்வரிசையில் நெற்றி நிறைய விபூதியோடு நின்றவன் அவன்தான். றொஷினிக்கு அவன் மாமா.

இப்படிப்பட்ட ஒருவனிடம் விலை பேசுவது எப்படி?

3

செலீன் ஒரு கார்டெரியில், அதாவது பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில், வேலை செய்கிறாள். கார் பார்க்கப் போகும் நாளில், பிள்ளைகள் மத்தியானம் தூங்கும் நேரத்தில், லாவாலில் உள்ள இன்னொரு விற்பனையாளரைத் தொலைபேசியில் பிடித்து விலை கேட்டுவிட்டாள். பிறகு, இரவிச்சந்திரன் தொலைபேசியில் சவிரிமுத்துவுக்குச் சொல்லியிருந்த விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். அதே கார், அதே நிறம், ஆயிரத்து எண்ணூறு டொலர் குறைவு. போகும் வழியில் கணவனிடம் சொன்னாள்.

"இரவியிட்ட இதைக் கதைச்சிராதை," என்றான் அவன்.

"ஏன்?"

"அவன் எங்களை ஏமாத்துவானோ?"

"ஏமாத்துறான் எண்டு நான் சொல்லேல்லை. விலை கூட எண்டுதான் சொல்லுறன்."

"ரெண்டும் ஒண்டுதான்."

(இரண்டும் ஒன்றுதானா என்பதைப் பற்றி இந்த இடத்தில் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். செலீன் வாசித்துவிட்டு, "அண்ணை, ஆக்கள் இன்னும் கடைக்குள்ளயே போகேல்லை" என்றாள். எடுத்துவிட்டேன்.)

இரவிச்சந்திரன் எழுந்து வந்து கதவைத் திறந்தான். தானே கோப்பி கொண்டுவந்து கொடுத்தான். "அக்கா, றொஷினி எப்பிடி? பல்லு விழுந்திட்டுதோ?" என்று கேட்டான். காரைச் சுற்றிக் காட்டினான். பிறகு மேசையில் இருத்தி, எல்லாம் சேர்த்து எழுதிய விலையைக் காட்டினான்.

"தம்பி, இதில கொஞ்சம் குறைக்க ஏலாதோ?" என்றாள் செலீன்.

"அக்கா, உங்களிட்ட நான் லாபம் வைப்பனோ?"

வாசகரே, இந்தக் கேள்விக்குத் தமிழில் பதில் கண்டுபிடிக்க நான் இரண்டு நாள் முயன்றேன். 'வைப்பாய்' என்றால் உறவு அந்த மேசையிலேயே முறியும். 'வைக்கமாட்டாய்' என்றால் பேனையை எடுத்துக் கையெழுத்துப் போடவேண்டியதுதான். எஞ்சியிருப்பது ஒன்று. செலீன் அதைத்தான் சொன்னாள்.

"அதுக்கில்லைத் தம்பி..."

அதற்கு மேல் வசனம் போகவில்லை. அவள் விட்ட இடத்திலேயே நானும் விடுகிறேன்.

சவிரிமுத்து பேனையை எடுத்தான். பக்கத்து மேசையில் ஒரு கியூபெக் தம்பதி இருந்தார்கள். அந்த மனுசி, தாளில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, இது வேண்டாம், அது வேண்டாம் என்று பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருந்தாள். விற்பனையாளன் வெட்டிக்கொண்டே வந்தான். இடையிடையே இருவரும் சிரித்தார்கள். யாருக்கும் யார்மீதும் மனவருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

செலீன் கணவனின் கையிலிருந்த பேனையை வாங்கி மேசையில் வைத்தாள். இரவிச்சந்திரனைப் பார்த்து, அந்நியரை அழைப்பதுபோல், "முஸியே" என்று தொடங்கினாள்.

4

இனி நடந்தது முழுக்கப் பிரெஞ்சில். எனக்கு இது பெரிய சங்கடம். தமிழில் நடக்கவே முடியாத ஓர் உரையாடலை உங்களுக்குத் தமிழில் எழுதவேண்டியிருக்கிறது. ஆகவே ஓர் ஏற்பாடு: பாடப்புத்தக வாசனை எங்கே அடிக்கிறதோ, அங்கே பிரெஞ்சு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

"ஐயா, இந்த நிர்வாகக் கட்டணம் எதற்கானது?"

கோப்பியை எடுக்கப்போன இரவிச்சந்திரனின் கை நின்றது. சவிரிமுத்துவை ஒரு தடவை பார்த்தான். கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டான்.

"ஆவணங்களைத் தயாரிப்பதற்கு, அம்மணி."

"அதை நீக்கிவிடுங்கள். துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் இந்தப் பூச்சு?"

"எங்கள் மேலாளர் அதைப் பெரிதும் பரிந்துரைக்கிறார்."

"அப்படியானால் அவர் தம்முடைய காருக்குப் பூசிக்கொள்ளட்டும்."

இரவிச்சந்திரன் சிரித்துவிட்டான். செலீனும் சிரித்தாள்.

"லாவாலில் இதே காரை ஆயிரத்து எண்ணூறு டொலர் குறைவாகத் தருகிறார்கள், ஐயா. நான் உங்களிடம் வாங்கவே விரும்புகிறேன்."

"கேட்டு வருகிறேன், அம்மணி."

சவிரிமுத்துவின் பிரெஞ்சு போன்ஷூர் என்ற வணக்கத்தில் தொடங்கி மெர்சி என்ற நன்றியில் முடிவது. "என்ன கதைக்கிறியள் ரெண்டு பேரும்?" என்று கேட்டான். ஒருவரும் மொழிபெயர்க்கவில்லை. இரவிச்சந்திரன் மேலாளரின் அறைக்குப் போய் வந்தான். லாவால் விலையையே தந்தான். குளிர்காலச் சக்கரங்களையும் பாதி விலைக்குச் சேர்த்தான். புதிய தொகையைத் தாளில் எழுதியபோதுதான் சவிரிமுத்துவுக்கு விளங்கியது. இலக்கத்துக்கு மொழி இல்லையே.

"இவ்வளவும் குறைக்க ஏலுமெண்டா," என்று தமிழில் மெதுவாகக் கேட்டான், "முதல்ல ஏன்டா கூட்டிச் சொன்னனி?"

இரவிச்சந்திரன் பேனையை எடுத்து அவன் பக்கம் நீட்டினான்.

வீட்டுக்குப் போகும் வழியில் சவிரிமுத்து சொன்னானாம்: "கூடக் குடுத்திருந்தா எனக்கு ஒரு சிநேகிதன் மிஞ்சியிருப்பான்."

"கூடக் குடுத்திருந்தா எனக்கு மிஞ்சியிருக்க மாட்டான்," என்றாளாம் செலீன்.

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். இரவிச்சந்திரனுக்கு ஒரு தங்கமோதிரமும், தூக்கலான வாசனைத் திரவியமும், நழுவும் சிரிப்பும் கொடுத்து எழுதினேன். பிறகு மனம் கேட்காமல், கார் பார்க்க வந்தவன்போல் அவனைப் போய்ப் பார்த்தேன். மோதிரம் இல்லை. கழுத்துப்பட்டி மட்டும் கோணலாகக் கட்டியிருந்தது. நான் யாரென்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"முதல் மூண்டு மாதம் ஒண்டும் விக்கேல்லை அண்ணை," என்றான். "மனேஜர் என்னை எடுத்ததே எங்கட ஆக்களைக் கூட்டிவருவன் எண்டுதான். அந்தப் பூச்சு, கட்டணமெல்லாம் எல்லாற்ற கணக்கிலயும் கிடக்கும். வேண்டாமெண்டா எடுப்பம். வெள்ளைக்காரர் கேப்பினம். எங்கட ஆக்கள் கேக்க மாட்டினம். நான் தம்பியல்லோ."

"நீர் சொல்லியிருக்கலாமே?"

"என்னெண்டு சொல்லுறது? 'அக்கா, நான் கூட்டித்தான் வச்சிருக்கிறன், குறைச்சுக் கேளுங்கோ' எண்டோ?"

நான் பக்கத்தில் நின்ற காரின் கதவைத் திறந்து பார்த்தேன்.

"அக்கா பிரெஞ்சில கேட்டவுடன எனக்குச் சுகமா இருந்தது அண்ணை. உண்மையா. பேந்துதான் சவிரியின்ர முகத்தைப் பார்த்தன்."

வாசல்வரை வந்தான். பழக்கத்தில் வாய் தானாகத் திறந்தது. "நீங்கள் எப்ப கார் மாத்தப்போறியள்? உங்களிட்ட நான்—"

நிறுத்திக்கொண்டான். தங்கமோதிரம் இருந்த பக்கத்தை அன்றே கிழித்தேன்.

6

வைகாசியில் றொஷினிக்கு முதல் நன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அழைப்பிதழை, நேரில் கொண்டுபோகாமல், தபாலில் போட்டார்கள். இரவிச்சந்திரன் வரவில்லை. வெள்ளை உடுப்போடு நின்ற பிள்ளை "மாமா எங்க?" என்று கேட்டாள். "வேலை," என்றான் சவிரிமுத்து. அவன் இப்போது வேலைக்குப் பிந்துவதில்லை. கார் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. அதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். கார் பழுதாகி நடுவழியில் நிற்க, இரவிச்சந்திரன் உதவிக்கு வருகிறான். (புதுக் கார். நிற்காது.) இரவிச்சந்திரன் எங்கோ பறக்கப்போக, அவன் பெட்டி சவிரிமுத்துவின் கையில் வந்து சேர்கிறது. (பெட்டி வரும். கண்ணீரும் கூடவே வந்துவிடும். வேண்டாம்.) சவிரிமுத்து பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்து—

இல்லை.

போன சனிக்கிழமை அவர்கள் வீட்டில் இருந்தேன். சவிரிமுத்து, யாரையும் பார்க்காமல், "நீதானே தொடங்கினனி. நீயே எடுத்துக் கதை. இரவியை ஒருக்கா வரச் சொல்லு," என்றான். செலீன் தொலைபேசியை எடுத்தாள். சனிக்கிழமை அவன் கடையில்தான் இருப்பான். மணி அடித்தது. மறுமுனையில் அவன் குரல், வாடிக்கையாளருக்கான குரல், எனக்கும் கேட்டது: "போன்ஷூர்!"

செலீன் தொலைபேசியின் வாய்ப்பகுதியைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணை, நீங்கள்தானே சொல்லுப் பாத்துப் பாத்து எழுதிறனீங்கள். இப்ப நான் இவனை என்னெண்டு கூப்பிடுறது?"

தம்பி என்றால் பழைய விலைக்குப் போகவேண்டும். முஸியே என்றால் தொலைபேசி எடுத்ததற்கே அர்த்தமில்லை. பெயரைச் சொல்லி அவள் அவனை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எனக்குத் தெரிந்த தமிழ் முழுவதிலும் தேடினேன். சவிரிமுத்துவும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் கெதியாக. அவன் இரண்டாம் தரமும் "அலோ" என்கிறான்.