தாளை விடாத வைஸ்

எங்கள் தெரு முளைப்பாரிக்கு முதல் குலவை எப்போதும் என்னுடையது. நான் நாக்கைச் சுழற்றினால் பசுமலை பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கும் என்று கேலி செய்வார்கள். தை மாதம் நிமோனியா வந்து நெஞ்சைப் பிழிந்துவிட்டுப் போனபின், குலவை கிடக்கட்டும், மாடிப்படி ஏறவே மூச்சு போதவில்லை. தினமும் பலூன் ஊதினால்தான் நுரையீரல் விரியும், விட்டுவிட்டால் இப்படியே நின்றுவிடும் என்றார் டாக்டர். நானும் ஊதினேன். பலூன் பழைய சாக்ஸ் மாதிரி தொங்கியது. இரண்டே நாளில் தூக்கி எறிந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் ஜெயபாண்டி காலேஜ் ஆபீசில் கிளார்க். இரும்பையும் பித்தளையையும் சீவி விளையாடுவதற்கென்றே, மேஜை மேல் வைக்கிற குட்டி மில்லிங் மெஷின் ஒன்றை மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் வாங்கி வைத்திருந்தார்.

"அன்னக்கொடி, உனக்கு ஊதுனா ஓடுற என்ஜின் ஒண்ணு செஞ்சு தாரேன். உன் மூச்சு என்ன பண்ணுதுன்னு நீயே கண்ணால பாக்கலாம்" என்றார். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

சீவும்போது பித்தளைக் கட்டையை அசையாமல் பிடிக்க ஒரு வைஸ் வேண்டும். டவுனில் டூல்ஸ் கடைக்கு இருவரும் போனோம். கடைக்காரர் சோணை இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று நீலப் பெயிண்ட் அடித்து, ஆட்டுக்கல் கணக்காக இருந்தது. இன்னொன்று உள்ளங்கையில் அடங்கும், பளபளப்பு. விலை மட்டும் அதைவிடக் கூடுதல்.

"இம்புட்டூண்டுக்கு அம்புட்டு விலையாண்ணே? வாங்குறதே வாங்குறோம், பெருசா வாங்குங்க" என்றேன். பிள்ளைகளுக்கு யூனிபார்மே இரண்டு வருஷத்துக்குச் சேர்த்துத் தொளதொளவென்று எடுக்கிறவள் நான். மெஷினும் வளரும் என்று நினைத்தேனோ என்னவோ. என் வீட்டுக்காரர் சின்னதையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் பெரியதைத் தூக்கிக்கொண்டார்.

அது மெஷினில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டது. லீவு நாளெல்லாம் மாடியிலேயே கிடந்து செய்தார். கட்டைவிரல் உயர என்ஜின், ஒரு ரூபாய் காசு அளவுக்குச் சக்கரம். சைக்கிள் பம்பால் அடித்தபோது ஜம்மென்று ஓடியது. நான் ஊதினேன். அசையக்கூட இல்லை. மறுபடி ஊதி, இருமல் வந்து சுருண்டு உட்கார்ந்ததுதான் மிச்சம். "உங்க என்ஜினுக்கும் நான் ஆகாதவளாப் போயிட்டேன்" என்று கத்திவிட்டுக் கீழே வந்து அழுதேன்.

மனிதர் சமாதானம் சொல்லக்கூட வரவில்லை. கோபத்தோடு திரும்ப மாடி ஏறினால், வைஸில் ஒரு பித்தளைக் கட்டையை இறுக்கி, அடியில் தாள் துண்டைச் செருகி வைத்திருந்தார்.

"இந்தத் தாள இழு."

இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது. இறுக்கும்போது, கட்டையைக் கவ்வுகிற வைஸின் தாடை அதைக் கொஞ்சம் மேலே தூக்கிவிடுகிறதாம். அந்தச் சாய்வோடேயே சீவியதால், என்ஜினில் ஒட்டி உரச வேண்டிய இரண்டு பரப்புகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத சந்து.

"உன் மூச்சு அம்புட்டும் அந்தச் சந்துல போயிருச்சு. உன் மேல குத்தமில்ல" என்றார். எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை.

மறுநாள் மறுபடியும் கடை. இந்த முறை பித்தளைக் கட்டையும் தாளும் என் கைப்பையில். சின்ன வைஸில் கட்டையை வைத்து, நாலு மூலைக்கும் அடியில் தாள் துண்டு செருகினேன். சோணை அண்ணன் திருகினார். திருகத் திருகத் தாடை முன்னால் வந்தது. வந்தபடியே கட்டையைக் கீழேயும் அமுக்கியது. ஒரு தாளை இழுத்தேன். வரவில்லை. பலமாக இழுத்தேன். கிழிந்து பாதிதான் கையோடு வந்தது. நாலு மூலையும் அப்படித்தான். இத்தனூண்டு இரும்புக்கு இவ்வளவு பிடியா? எனக்கு உடம்பு சிலிர்த்தது. கடையில் ஆள் நிற்கிறதே என்றுகூடப் பார்க்காமல் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"இத அன்னைக்கே எடுத்திருக்கலாம்லத்தா" என்றார் சோணை அண்ணன்.

"அன்னைக்கே இப்படி இழுத்துக் காட்டிருக்கலாம்லண்ணே" என்றேன். விடுவேனா?

ஞாயிற்றுக்கிழமை காலை, வாங்கிவந்த சின்ன வைஸில் பிடித்துப் புதிதாகச் சீவிய துண்டுகளைப் பூட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, குழாயை என்னிடம் நீட்டினார். இதுவும் ஓடாவிட்டால் இனி நான் ஊதவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். சக்கரத்தை விரலால் தட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஊதினேன். சக்கரம் தயங்கி ஒரு சுற்று வந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் சுற்றுவதே தெரியாத வேகம், தையல் மிஷின் மாதிரி ஒரு சத்தம். பலூனைக்கூட உப்பவைக்க முடியாத என் மூச்சு பித்தளையைச் சுற்றுகிறது! மூச்சு தீர்ந்து குழாயை எடுத்த பிறகும் அது இன்னும் கொஞ்சம் சுற்றியது. இது எனக்குள்ளேயா இருந்தது என்று வாயடைத்துப்போய் நின்றேன்.

அடைத்த வாய் தானாகக் குவிந்து குலவை கிளம்பியது. பாதியிலேயே உடைந்து இருமலாகிப் போனது. பக்கத்து மாடியில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்த சீனியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். என்ன விசேஷம் என்று கேட்கவில்லை. நான் விட்ட இடத்திலிருந்து எடுத்து, அவள் போட்டு முடித்தாள்.