கதவுக்குக் கட்டிய பல்

என் வாயில் உள்ள அத்தனை பற்களின் மேலும் ஆணையிட்டுச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. ஆயுள் முழுக்க அடுத்தவர்களுக்குப் பல் செட் செய்து கொடுத்துப் பிழைத்தவன் நான். வேறு எதன் மேல் சத்தியம் செய்வேன்?

என் தங்கை வீட்டுக்காரரிடம் ஒரு பழைய கார் உண்டு. அதைச் செய்த கம்பெனியை எப்போதோ இழுத்து மூடிவிட்டார்கள். உதிரி பாகம் எங்கே தேடினாலும் கிடைக்காது. மாப்பிள்ளை அதைத் துடைப்பதைப் பார்த்தால் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி இருக்கும். என் தங்கையை 'ஏய்' என்று கூப்பிடுவார். காரை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஒரு காலையில் அவர் போன் செய்தார்.

"மச்சான், உடனே வாங்க. உங்க சாமான் பையையும் எடுத்துட்டு வாங்க."

"ஏன் மாப்பிள்ளை, உங்க பல் செட் உடைஞ்சிடுச்சா?"

"எனக்கில்ல மச்சான். காருக்கு."

போனேன். தங்கை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முந்தைய நாள் கடைக்குப் போகும் வழியில் காரின் கதவு கழன்று அவள் மடியில் விழுந்துவிட்டதாம். உண்மையில் விழுந்தது கதவல்ல, கதவின் உட்பக்கத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் பலகை. ஆனால் ஓடுகிற வண்டியில் பக்கத்துச் சுவர் மடியில் வந்து உட்கார்ந்தால் யார் அதையெல்லாம் பிரித்துப் பார்ப்பார்கள்? அவள் போட்ட அலறலில் முன்னால் போன பஸ் ஓரங்கட்டி, ஆட்களை இறக்கிவிட்டு, காலியாகத் திரும்பிப் போய்விட்டது.

"அண்ணே, மத்தியானம் பழைய இரும்புக்காரர் லாரியோட வர்றார். அதுக்குள்ள அந்தப் பலகை ஆடாம நிக்கணும். இல்லன்னா வண்டி லாரியில ஏறும்."

"கொஞ்சம் பொறுமையா இரும்மா."

"பொறுமையாத்தான் அதை மடியில வச்சுக்கிட்டு வீடு வரைக்கும் வந்தேன்."

நானும் மாப்பிள்ளையும் பலகையைத் தூக்கிக்கொண்டு கார் நிற்கும் கொட்டகைக்குள் போனோம்.

பலகையின் முதுகில் விரல் நுனி அளவுக்குக் குட்டிக் கால்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை. கதவிலிருந்து வரும் திருகு அந்தத் துளையில் இறங்கிப் பலகையைப் பிடித்துக்கொள்ளும். வெயிலில் வெந்து பிளாஸ்டிக் முட்டை ஓடாகிப் போயிருந்தது. ஒரே ஒரு காலைத் தவிர மற்றவையெல்லாம் முறிந்து மொட்டையாகக் கிடந்தன. மாப்பிள்ளை அவற்றின் மேல் பசையைக் கொட்டி வைத்திருந்தார்.

"பசை ஒட்டும் மாப்பிள்ளை, இழுத்தா தாங்காது. இதுக்குப் புதுசா கால் முளைக்கணும்" என்றேன்.

மொட்டைகளை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினேன். ஒவ்வொன்றிலும் சிறு துளை போட்டுக் கம்பித் துண்டு நட்டேன். அதைச் சுற்றித்தான் புதுக் கால் வார்க்க வேண்டும். வார்ப்பதற்கு என்னிடம் பல் செட் செய்யும் தூளும் திரவமும் இருந்தன. கலந்தால் முதலில் களியாகும், பிறகு சூடேறி இறுகிக் கல்லாகும். கையில் மிச்சமிருந்தது ஈறு நிற ரோஸ் தூள்தான்.

"ரோஸா மச்சான்?"

"உள்ளதானே இருக்கப்போவுது. யார் எட்டிப் பாக்கப்போறா?"

தவறு நடந்தது அடுத்த வேலையில். உடையாத காலின் மேல் அச்சு எடுக்கும் மாவை அப்பினேன். இறுகும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். என் கையில் தூள். பலகையைத் தாங்கியதால் மாப்பிள்ளைக்கும் கை காலியில்லை. வாழ்நாளெல்லாம் சொன்ன பழக்கத்தில் என் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "நல்லா கடிங்க. அப்படியே வச்சிருங்க. அசையாதீங்க."

அவரும் என்னிடம் செட் கட்டியவர்தானே. பழக்க தோஷம், குனிந்து மாவைக் கடித்துவிட்டார். நான் கவனிக்கவில்லை. "லாரி வந்துடும்" என்று தங்கை வாசலிலிருந்து கத்திக்கொண்டிருந்தாள். அந்த அச்சிலேயே எல்லாக் கால்களையும் வார்த்து முடித்தேன்.

அச்சைப் பிரித்துப் பார்த்தோம். ஒவ்வொரு காலையும் சுற்றி ஒரு முழு வரிசைப் பல். முன்பல் ஒன்று லேசாகக் கோணல். 'அசல் மாதிரி இருக்கணும் மச்சான்' என்று மாப்பிள்ளை கேட்டதால் அவர் செட்டில் நான் வேண்டுமென்றே வைத்த கோணல் அது.

"மச்சான், இது சிரிக்குது."

"சிரிச்சா சிரிக்கட்டும். பிடி பலமா இருக்கும்."

பலகையைக் கதவருகே கொண்டுபோனோம். திருகை நான் இன்னும் எடுக்கவே இல்லை. 'கடக்' என்றது. பலகை தானே பாய்ந்து கதவைக் கவ்விக்கொண்டது. மாப்பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

லாரி வந்தது. இறங்கிய இரும்புக்காரர் நல்ல வாட்டசாட்டமான ஆள். கதவை ஓங்கிச் சாத்திப் பார்த்தார். சத்தமே இல்லை. சந்தேகத்தோடு பலகையின் விளிம்பில் விரலை விட்டு நெம்பினார்.

அவர் போட்ட சத்தத்தைக் கேட்டு என் தங்கை அசந்துபோனாள். அவளுடைய நேற்றைய அலறல் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. விரலைப் பிடுங்கி எடுத்துப் பார்த்தார். வரிசையாகப் பல் தடம், அதில் ஒரு கோணல். நிமிர்ந்தார். எதிரே மாப்பிள்ளை பயத்தில் இளித்துக்கொண்டு நின்றார். இரும்புக்காரர் விரலைப் பார்த்தார், அந்தப் பல்லைப் பார்த்தார், மறுபடியும் விரலைப் பார்த்தார்.

"யோவ்! நீ அங்க நிக்கிற. எப்படிய்யா என்னைக் கடிச்ச?"

மாப்பிள்ளைக்கு வாய் மூடவில்லை. அது இன்னும் மோசமாகப் போயிற்று.

"அம்மா, நான் இரும்புதான் வாங்குவேன். உயிரோட இருக்குறதை வாங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு லாரியைப் பின்பக்கமாகவே தெருமுனை வரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

தங்கை கிட்டே போய், ஒற்றை விரலால் பலகையைத் தட்டினாள். ஆடவில்லை.

"சரி, சொன்ன சொல்லு சொன்னதுதான். இருக்கட்டும்" என்றாள் மாப்பிள்ளையிடம். "ஆனா உங்களுக்கு உள்ள சட்டம்தான் அதுக்கும். ராத்திரியானா கழட்டித் தண்ணியில போட்டுடணும்."

அன்றிலிருந்து மாப்பிள்ளை படுக்கப் போகுமுன் ஒரு டம்ளரில் தன் செட்டையும், துணி ஊறவைக்கும் தொட்டியில் கார்க் கதவின் பலகையையும் போட்டுவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறார்.

என் வாயில் இன்று ஒரு பல்கூடக் கிடையாது.